சேலத்துல கரண்ட் போட் பைத்தியங்க யாராச்சும் இருக்கீங்களா? சங்கம் ஆரம்பிக்கலாம்னு ஒரு யோசனை

கன்னங்குறிச்சிக்காரன்:
வணக்கம்ங்க. செவ்வாய்ப்பேட்டை பக்கம் இ-ஆட்டோ பேட்டரி சர்வீஸ் பண்றேன். தினம் காலைல மூக்கனேரி கரையில நடக்க போறப்ப புடிச்ச கிறுக்கு இது. பழைய ஆட்டோவுல கழட்டுன 48 வோல்ட், 1 கிலோவாட் மோட்டார் ஒண்ணு கடையில சும்மா கெடக்கு, 14 அடி ஃபைபர் போட் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வருது, ரெண்டையும் சேர்த்தா என்னன்னு மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. இங்கிலாந்துல இதுக்குன்னே 1982-ல ஒரு சங்கம் ஆரம்பிச்சு இன்னும் நடத்துறாங்களாம். அதே நாட்டுல ஆர்ரன் சீமாட்டினு ஒரு அம்மா, 1989-ல 71 வயசுல கரண்ட் போட்ல மணிக்கு 50.825 மைல் போய் உலக சாதனை பண்ணிருக்காங்க. நம்மூர் பாட்டிங்க ஞாபகம் வந்துருச்சு எனக்கு.

இப்ப கேள்வி. இந்த 1 கிலோவாட் பத்துமா? நாலஞ்சு பேர் சேர்ந்து சங்கம் ரிஜிஸ்டர் பண்ணலாமா? ஏற்காடு ஏரில விட்டு பாக்க முடியுமா?

பழைய வைண்டிங்:
தம்பி, பத்துமான்னு கேக்குறத விட எவ்ளோ வேகம் வேணும்னு மொதல்ல சொல்லு. தரையில ஓடுற வண்டி கணக்கு தண்ணில செல்லாது. படகு போறப்ப தானே ஒரு அலைய கெளப்பி அதுக்குள்ளயே மாட்டிக்கும், அந்த வேகத்துக்கு மேல தள்ளணும்னா கரண்ட் கொட்டிட்டே போகும் ஆனா வேகம் பெருசா ஏறாது. தண்ணிய தொடுற நீளத்தை அடியில எடுத்து, வர்க்கமூலம் கண்டுபுடிச்சு 1.34-ஆல பெருக்கினா அந்த வேகம் நாட்-ங்கற (knot) படகு வேக அளவுல கெடைக்கும். உன் போட் 14 அடின்னா தண்ணில 13 அடி இருக்கும்னு வை, 4.8 நாட், அதாவது மணிக்கு 9 கிலோமீட்டர் சுமார். அத துரத்தாத. வேகத்தை பாதியா கொறைச்சா தேவைப்படுற பவர் கிட்டத்தட்ட எட்டுல ஒரு பங்காயிடும், கரண்ட் போட்டோட மொத்த சூட்சுமமே இதான். நடக்குற ஆள தாண்டணும், ஓடுற ஆள தாண்ட வேணாம், அந்த வேகத்துக்கு 1 கிலோவாட் தாராளம்.

ஆனா அந்த ஆட்டோ மோட்டார நான் போட மாட்டேன். அது சுத்துற வேகத்துக்கு ப்ரொப்பல்லரை நேரா மாட்டினா தண்ணிய கலக்குமே தவிர தள்ளாது, பெல்ட்டோ கியரோ வெச்சு கொறைக்கணும், தண்ணி போகாம ஷாஃப்ட்ட அடைக்கணும், ஆறு மாசம் அதுலயே போயிடும். மொதல் போட்டுக்கு தூண்டில்காரங்க போடுற ட்ரோலிங் மோட்டார் போதும். 12 வோல்ட், 55 பவுண்ட் த்ரஸ்ட் (தள்ளுற விசை) உள்ளது ஃபுல்லா விட்டா 50 ஆம்பியர் இழுக்கும், 600 வாட். தண்ணிக்குள்ளயே கெடக்குறதால சூடும் ஆகாது.

கன்னங்குறிச்சிக்காரன்:
அண்ணே அந்த பாதி வேகம் எட்டுல ஒரு பங்கு மேட்டர் தெரியாம போச்சு, நன்றிங்க. பேட்டரிக்கு கடையில ட்யூபுலர் (லெட்-ஆசிட் வகை) கெடக்கு, அதயே வெச்சிரலாமா?

பழைய வைண்டிங்:
வெக்கலாம், ஆனா 150 ஆம்பியர்-அவர் ட்யூபுலர் ஒண்ணு 50 கிலோவுக்கு மேல, அதுலயும் பாதிக்கு மேல எடுத்தா சீக்கிரம் செத்துரும்னு உனக்கே தெரியும். 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பாஸ்பேட் 12 கிலோ சொச்சம்தான். ஃபுல் த்ராட்டில்ல ரெண்டு மணி நேரம், மெதுவா போனா சாயங்காலம் வரைக்கும். ஒண்ணு மட்டும் மறந்துராத, லித்தியத்துல பிஎம்எஸ், அதான் பேட்டரிய காக்குற சர்க்யூட், திடீர்னு கட் ஆச்சுன்னா ஏரி நடுவுல அப்படியே நிப்ப, துடுப்பு இல்லாம எறங்காத. பேட்டரி பக்கத்துலயே ஃப்யூஸ். லைஃப் ஜாக்கெட் பேக்ல இல்ல, உடம்புல.

இருபது வளைவு:
ஏற்காடு பத்தி நான் சொல்றேன், அங்கயே கெடக்குற ஆளு. ஏரில படகு விடுறது டிடிடிசி (தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம்) போட் ஹவுஸ், நம்ம போட்ட கொண்டு போய் எறக்க நெனச்சபடி முடியாது, அனுமதி கேட்டு எழுதணும். போட்ட ட்ரெய்லர்ல வெச்சு 20 கொண்டை ஊசி ஏத்துறத நெனச்சாலே எனக்கு கண்ண கட்டுது. ஆனா ஒரு விசயம் யாரும் சொல்லல, மலை மேல கரண்டுக்குன்னு தனி லாபம் இருக்கு. அஞ்சாயிரம் அடி உயரத்துல காத்து மெலிசு, சாதா பெட்ரோல் இன்ஜின் நூத்துக்கு பதினஞ்சு வரைக்கும் இழுவைய விட்ரும், மோட்டாருக்கு மூச்சே வேணாம், கீழ குடுத்த அதே பவர் மேலயும் குடுக்கும். அனுமதி கேக்குறப்ப இத எழுதுங்க, கூடவே சத்தம் இல்ல, ஏரில ஆயில் மிதக்காதுன்னும்.

பூலாம்பட்டி பரிசல்:
மூக்கனேரி, ஏற்காடுன்னு சுத்துறீங்களே, நம்ம பூலாம்பட்டிய மறந்துட்டீங்களா? காவிரிய குறுக்க கடந்து நெருஞ்சிப்பேட்டைக்கு ஜனங்க படகுலதான போறாங்க. கேரளால வைக்கம் - தவணக்கடவு நடுவுல 2017 ஜனவரில இருந்து ஆதித்யா ஓடுதே, 75 பேர் ஏறுற சோலார் படகு, 20 கிலோவாட் மோட்டார் ரெண்டு, 50 கிலோவாட்-அவர் பேட்டரி, கூரை முழுக்க பேனல். அது ஏன் அங்க சரிப்பட்டு வந்துச்சு? கெளம்புன கரைக்கே திரும்பி வருது, தூரம் தினம் ஒண்ணுதான், அவசரமும் இல்ல. அப்ப எவ்ளோ பேட்டரின்னு முன்னாடியே கணக்கு போட்ரலாம், நடுவுல தீந்துடுமோங்கற பயமே கெடயாது. நம்ம படகுத்துறையும் அச்சு அசல் அதே கேஸ். சங்கம்னு ஒண்ணு வந்தா இத எடுத்துட்டு போய் பேசட்டும், ஞாயித்துக்கெழம ஜாலி ரைடுக்கு மட்டும்னா நான் வரல.

அஞ்சு ரோடு வக்கீல்:
சங்கம் ரிஜிஸ்டர் பண்ண தமிழ்நாடு சங்கங்கள் பதிவு சட்டம் 1975 படி கொறஞ்சது ஏழு பேர் வேணும், நாலஞ்சு பத்தாது. இப்ப அதுக்கு அவசரப்படாதீங்க, தலைவர் யாரு பொருளாளர் யாருன்னு சண்ட போட்டே பாதி சங்கம் கலைஞ்சு போறத கண்ணால பாத்திருக்கேன். மொதல்ல ஒரு போட் ஓடட்டும். ஆள் ஏத்தி காசு வாங்குற எண்ணம் இருந்தா 2021 உள்நாட்டு கப்பல் சட்டம், பதிவு, சர்வேன்னு தனி கதை, அத அப்புறம் பேசுவோம்.

கன்னங்குறிச்சிக்காரன்:
எல்லாருக்கும் நன்றிங்க. ஆட்டோ மோட்டார ஓரமா வெச்சுட்டேன், ட்ரோலிங் மோட்டாருக்கு வெல கேட்டுட்டு இருக்கேன். பூலாம்பட்டி அண்ணே, இந்த ஞாயிறு அங்க வரேன். ஒரு நடைக்கு எத்தன நிமிசம், எத்தன பேர் ஏறுறாங்க, டீசல் எவ்ளோ ஆகுது, இத மட்டும் எழுதிட்டு வந்துடலாம், அந்த படகுக்காரங்கள உங்களுக்கு பழக்கம்தான? கூட யார் வர்றீங்க, வண்டில ரெண்டு சீட் இருக்கு.

இருபது வளைவு:
ஒரு சீட் எனக்கு. வழில தட்டுவடை செட் உங்க செலவு.