நம்பி நாராயணன் கைதும் கிரையோஜெனிக் தாமதமும்

தக்கலை வாசகன்: ‘இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணனைக் கைது செய்ததால்தான், மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளில் இயங்கும் கிரையோஜெனிக் ராக்கெட் இஞ்சின் 20 ஆண்டு தள்ளிப்போனது’ என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததும் எரிச்சல் தாங்கவில்லை. கைது நடந்தது 1994 நவம்பர் 30. அமெரிக்க நெருக்கடிக்குப் பணிந்து, அந்த இஞ்சின் நுட்பத்தை இந்தியாவுக்குத் தர முடியாது என்று ரஷ்யா கைவிரித்தது 1993-இல். எது முந்தியது?

வடசேரிக்காரன்: எழுதியது நான்தான். நாகர்கோவிலில் பிறந்து டி.வி.டி. பள்ளியில் படித்த மனிதர் அவர். ராக்கெட் ரகசியங்களை வெளிநாட்டுக்கு விற்றார் என்ற உளவு வழக்கு பொய் என்று 1996-இல் சி.பி.ஐ. சொல்லிவிட்டது. கைதே தேவையற்றது என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. இன்னும் என்ன வேண்டும்?

தக்கலை வாசகன்: அவர் குற்றமற்றவர் என்பதை நான் எங்கே மறுத்தேன்? நான் கேட்டது 1993.

மார்த்தாண்டம் தேனீ: இதில் அமெரிக்க உளவு அமைப்பின் கை உண்டு என்று அவரே சொல்லியிருக்கிறார். உள்ளே இருந்தவருக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்?

தக்கலை வாசகன்: உள்ளே இருந்தவர் அவர் ஒருவர்தானா? இஸ்ரோவின் திரவ உந்துவிசை மையத்தின் இயக்குநராக இருந்த முத்துநாயகம் யார்? 2022 ஆகஸ்டில் திருவனந்தபுரத்தில் அவரும் பழைய சகாக்களும் செய்தியாளர்களைக் கூட்டி, கைதால் தாமதம் என்பது தவறு என்றார்கள்.

வடசேரிக்காரன்: கைதாகி 28 ஆண்டு கழித்து வந்த பேச்சு அது! சொந்தமாக இஞ்சின் செய்யும் திட்டம் தொடங்கியதே 1994-இல்தான். அந்த ஆண்டே கிரையோஜெனிக் பொறுப்பில் இருந்தவரைச் சிறையில் அடைத்தால் வேலை எப்படி ஓடும்? நம் இஞ்சினோடு ராக்கெட் வெற்றி கண்டது 2014 ஜனவரியில். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தக்கலை வாசகன்: கணக்கு 1993-இல் தொடங்குகிறது. நுட்பம் கிடைத்திருந்தால் இத்தனை ஆண்டு ஆகியிருக்குமா?

மார்த்தாண்டம் தேனீ: அவர் கைதான சமயம் எங்கள் டீக்கடையில் மலையாளப் பத்திரிகையை ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் தம்ளரைக் கையில் வைத்தபடி ‘தேசத்துரோகி’ என்றார்கள். அப்பா அரைத் தம்ளர் டீயை வைத்துவிட்டு எழுந்து வந்தார். எழுதிய பத்திரிகைகளில் எது மன்னிப்புக் கேட்டது?

குளச்சல் அலை: மலையாளப் பத்திரிகைகளை மட்டும் ஏன் இழுக்கிறீர்கள்? அந்த வழக்கை வைத்துக் கருணாகரனை 1995 மார்ச்சில் கேரள முதல்வர் நாற்காலியிலிருந்து இறக்கியது அவர் கட்சிக்காரர்களே.

மார்த்தாண்டம் தேனீ: துறைமுக விவாதத்திலும் நீங்கள் கேரளத்துக்குத்தான் பரிந்து பேசினீர்கள். மறக்கவில்லை.

குளச்சல் அலை: அந்த விவாதத்தில் என் அண்ணனின் வள்ளத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை நானும் மறக்கவில்லை.

தக்கலை வாசகன்: வள்ளத்தை விடுங்கள். ரஷ்யா பின்வாங்கியது 1993. வடசேரிக்காரர் இதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

வடசேரிக்காரன்: சொல்லிவிட்டேன். 1994.