ஒரே கைப்பேசியில் ஒரு வகுப்பு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டுக்குத் தமிழ்மொழி எடுக்கிறேன். பிள்ளைகள் சிலர் பட்டணத்துத் தாமானிலிருந்து (குடியிருப்புப் பகுதி) வருகிறார்கள், மற்றவர்கள் சுற்றியுள்ள செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்களிலிருந்து. பயிலரங்குகளில் மின்னியல் கற்பித்தல் என்றாலே ஆளுக்கொரு கருவி இருப்பதாக வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். நம் வகுப்பில் மாணவர் கைப்பேசி கொண்டு வரக் கூடாது. கணினி அறையும் எப்போதாவதுதான் நம் முறைக்கு வரும். ஆகவே ஆசிரியர் கையிலுள்ள ஒரே கைப்பேசியை வைத்து எது நடக்குமோ அதைத்தான் நான் தேடுகிறேன்.

வகுப்புக்குள் எனக்கு நன்றாகக் கைகொடுப்பது பிளிக்கர்ஸ் என்ற செயலி. பிள்ளைக்கு ஓர் அட்டை. அதில் கறுப்பு வெள்ளையில் ஒரு வடிவம். அட்டையின் நான்கு பக்கமும் நான்கு விடைகள். தான் நினைக்கும் விடை மேலே வரும்படி பிள்ளை திருப்பிப் பிடிக்க, நான் கேமராவை வகுப்பு முழுக்க ஒரு சுற்றுக் காட்டினால் யார் எதைச் சொன்னார்கள் என்பது பதிவாகிவிடும். அட்டைக்கு அட்டை வடிவம் வேறு என்பதால் பக்கத்து அட்டையைப் பார்த்தும் பயனில்லை. கஹூட் என்ற வினாடிவினாச் செயலியில் வேகத்துக்கும் புள்ளி உண்டு. எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளை கேள்வியை முடிப்பதற்குள் மற்றவர்கள் கைதட்டத் தொடங்கிவிடுவார்கள். பிளிக்கர்ஸில் அந்த அவசரம் இல்லை. ரகர றகரத்தில் யார் தடுமாறுகிறார்கள் என்று அப்போதே தெரிவதால், அதே பாடவேளையில் அவர்களை அழைத்து உட்காரவைத்துச் சொல்லித்தர முடிகிறது.

வீட்டுப் பயிற்சிக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) குரல் பதிவு. இரவில் அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் பல வீடுகளில் கைப்பேசி பிள்ளைக்குக் கிடைக்கும். காணொளியைவிட இதற்கு டேட்டா மிகக் குறைவு. வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன் ஒரு பத்தியை அத்தனை தெளிவாக வாசித்து அனுப்பியிருந்தான். “டீச்சர், வெளிய போய் நின்னு திரும்பத் திரும்பப் படிச்சான். சரியா வந்த பிறகுதான் அனுப்புனான்” என்றார் அவன் அம்மா. யாரும் பார்க்காத இடத்தில் திருத்திக்கொள்ள ஒரு வாய்ப்பு அவனுக்குத் தேவைப்பட்டிருக்கிறது.

அப்புறம்தான் வீட்டுப் பெரியவர்களிடம் அவர்கள் செய்த வேலையைப் பற்றிக் கேட்டுப் பதிவு செய்து வரச் சொன்னேன். வந்த பதிவுகளைக் கேட்டு நான் அசந்துபோனேன். எல்லாம் ரப்பர் தோட்டத்துக் கதைகள்: விடியும் முன் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு), நெற்றியில் விளக்கு, வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்ற பரபரப்பு, பால் வடியும் மங்கு, மரத்திலும் மங்கிலும் உறைந்த ஒட்டுப்பால். செம்பனையை மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளைகள் மங்கு எப்படி இருக்கும் என்று கேட்டார்கள். படத்தைத் தேடி எல்சிடி படவீழ்த்தியில் காட்டினேன்.

ஒரு பாட்டி, “சம்பந்தன் சங்கத்துல காசு கட்டுனோம்” என்று சொல்லியிருந்தார். அதையும் இணையத்தில் தேடிக் காட்டினேன். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்களின் பங்குப் பணத்தைத் திரட்டித் தோட்டம் வாங்க 1960இல், அப்போது அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கியது தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். கோலாலம்பூரில் ஒரு சாலையின் பெயராக மட்டுமே அவரை அறிந்திருந்த பிள்ளைகளுக்கு, அவர் சுங்கை சிப்புட்காரர் என்பதும் தங்கள் பாட்டி அந்தக் கதைக்குள் இருக்கிறார் என்பதும் ஒரே நாளில் தெரிந்தது. எந்தப் பாடக் காணொளியிலும் இது கிடைத்திருக்காது.

தமிழ்நாட்டுக் காணொளிகளையும் பயன்படுத்துகிறேன். ஆனால் பாடத்திட்டம் வேறு என்பதால் முழுவதும் பார்த்த பிறகே காட்டுவேன். மழை வந்தால் லைன் போய்விடும். முந்தின இரவே தயாராக வைத்துக்கொள்வது நல்லது. கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளமான டெலிமாவின் கடவுச்சொல்லைப் பிள்ளைகள் மறந்துகொண்டேதான் இருப்பார்கள். அதைப் பெற்றோரிடமும் கொடுத்து வைத்தால் பாடவேளை வீணாகாது.

குடும்பத்தாரின் அனுமதியோடு அந்தப் பதிவுகளை கூகுள் டிரைவில் சேர்த்து வருகிறேன். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளைக் கொண்டு அவற்றைத் தமிழில் தட்டச்சு செய்ய வைக்க எண்ணம். கைப்பேசியில் தமிழ் எழுதும் செயலியான செல்லினத்தில் தொடங்குவதா, கணினியில் தமிழ்99 விசைப்பலகை முறையைப் பழக்குவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. சிறு பிள்ளைகளுக்குத் தட்டச்சு பழக்கியவர்கள் இருந்தால் எதில் தொடங்கினீர்கள் என்று எழுதுங்கள்.