சிங்கப்பூர்ல ஒரே நாள் பிரைவேட் டூர், அதுலயே யூனிவர்சல் ஸ்டுடியோஸ் தீம் பார்க்கும் சேர்த்து எடுக்கலாமா? அப்பா அம்மா, ரெண்டு பசங்களோட போறோம்

திருச்சி_உறையூர்:

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாசம் திருச்சிலருந்து நேரா சிங்கப்பூர் ஃப்ளைட், மொத்தம் ஆறு பேர். நான், மனைவி, அப்பாவுக்கு 72, அம்மாவுக்கு 66, மூட்டு வலி இருக்கு, ஒரு கிலோமீட்டருக்கு மேல ஒரே மூச்சா நடக்க முடியாது. பொண்ணுக்கு 11 வயசு, பையனுக்கு 5. நாலு ராத்திரி தங்குறோம், ரூம் தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் ஃபேரர் பார்க் ஸ்டேஷன் கிட்ட போட்டாச்சு.

ஒரு டூர் கம்பெனில 7 சீட்டர் வண்டிக்கு கோட் வாங்கினேன். காலைல 9 மணிக்கு ஹோட்டல்ல பிக்கப், மெர்லயன் சிலை, சைனா டவுன், மரீனா பே எல்லாம் காட்டிட்டு 1 மணிக்கு யூனிவர்சல்ல இறக்கிடுவாங்களாம், 6 மணிக்கு திரும்ப ஏத்திட்டு 7 மணிக்கு ஹோட்டல். மொத்தம் 10 மணி நேரம், மணிக்கு 60 சிங்கப்பூர் டாலர், டிக்கெட் தனி. அப்பா அம்மாவுக்கு இதுதான் முதல் வெளிநாட்டு பயணம், அனேகமா இதுதான் கடைசியாவும் இருக்கும்னு அம்மா சொல்றாங்க, அதனால அவங்களுக்கு அலைச்சல் இருக்கக்கூடாது, அதே நேரம் பசங்க ஆறு மாசமா யூனிவர்சல் யூனிவர்சல்னு சொல்லிட்டிருக்காங்க அவங்களையும் ஏமாத்தக்கூடாது. இந்த பிளான் சரியா வருமா? போயிட்டு வந்தவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

யீஷூன்வாசி:

தம்பி, நான் இங்க 14 வருஷமா இருக்கேன், ஊர்லருந்து வர்ற சொந்தக்காரங்கள கூட்டிட்டு போயி போயி இந்த கணக்கு எனக்கு மனப்பாடம். அந்த 600 வெள்ளில (இங்க டாலர வெள்ளின்னுதான் சொல்லுவோம்) 1 மணிலருந்து 6 மணி வரைக்கும் உள்ள 300 வெள்ளி, நீங்க பார்க்குக்குள்ள இருக்கும்போது வண்டி வெளிய நிக்குறதுக்கு நீங்க குடுக்குற காசு. டிரைவர் மேல தப்பில்ல, அவர் அந்த நேரத்துல வேற சவாரி எடுக்க முடியாது. ஆனா அந்த செலவு உங்களுக்கு தேவையே இல்ல.

நீங்க தங்குற ஃபேரர் பார்க்லருந்து ஹார்பர்ஃபிரண்ட் வரைக்கும் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) ஊதா கலர் லைன் நேரா போகுது, மாறவே வேணாம், லிட்டில் இந்தியா, தோபி காட், கிளார்க் கீ, சைனா டவுன், ஊட்ரம் பார்க் தாண்டினா ஹார்பர்ஃபிரண்ட், அவ்வளவுதான். ஆளுக்கு ரெண்டு வெள்ளிக்குள்ள முடிஞ்சிடும், எல்லா ஸ்டேஷன்லயும் லிஃப்ட் இருக்கு அம்மா ஒரு படி ஏற வேண்டியதில்ல. அங்க மேலயே விவோசிட்டி மால், மூணாவது மாடில, யூனிவர்சல் இருக்குற செந்தோசா தீவுக்கு போற செந்தோசா எக்ஸ்பிரஸ் மோனோரயில், முதல் ஸ்டாப் ரிசார்ட்ஸ் வேர்ல்ட், இறங்கினா யூனிவர்சல் உருண்டை கண்ணு முன்னாடி. மோனோரயில் போறப்போ ஆளுக்கு 4 வெள்ளி, திரும்பி வர்றதுக்கு காசு இல்ல.

பிரைவேட் வண்டி வேணாம்னு சொல்லல, அத சரியான நாளுக்கு வச்சுக்கங்க. ஒரு நாள் காலைல மட்டும் 4 மணி நேரம் எடுங்க. மாரியம்மன் கோயில், சைனா டவுன், மெர்லயன், அப்புறம் கார்டன்ஸ் பை தி பே, இது நாலும் பக்கம் பக்கம்தான், ஆனா வெயில்ல வயசானவங்க ஒவ்வொரு இடத்துக்கும் பஸ், ரயில்னு மாறி மாறி போனா ஓய்ஞ்சிடுவாங்க, இங்கதான் வண்டிக்கு குடுக்குற காசுக்கு அர்த்தம் இருக்கு. யூனிவர்சலுக்கு வேற ஒரு முழு நாள், நாலு ராத்திரி இருக்கே உங்களுக்கு.

கூடல்நகர்_அக்கா:

நான் போன வருஷம் மாமியார், நாத்தனார் குடும்பம் எல்லாரோடயும் கிட்டத்தட்ட இதே மாதிரி டூர்தான் எடுத்தேன் தம்பி, அதனால விவரமா சொல்றேன், கம்பெனி பேர் வேணாம்.

முதல்ல 10 மணி நேரம்னா எப்பலருந்து 10 மணி நேரம்னு கேளுங்க. நாங்க ஹோட்டல்ல ஏறினதுலருந்துன்னு நினைச்சோம், அவங்க வண்டி ஷெட்டுலருந்து கிளம்பினதுலருந்து திரும்ப ஷெட்டுக்கு போய் சேர்ற வரைக்கும்னு கணக்கு போட்டாங்க, கடைசில ஒன்றரை மணி நேரத்துக்கு ஓவர்டைம் கேட்டு வாங்கிட்டாங்க. ஈஆர்பி (ரோட்டுல வண்டிக்கு எடுக்குற டோல்) கட்டணம், பார்க்கிங், செந்தோசா கேட்டுல வண்டிக்கு எடுக்குற நுழைவுக் கட்டணம், இதெல்லாம் உள்ள சேர்ந்ததா இல்லையான்னு மெசேஜ்ல எழுதி வாங்குங்க, வாய்ல சொன்னா நம்பாதீங்க. தீம் பார்க் இன்க்ளூடட்னு போட்டிருந்தாலும் பல இடத்துல அங்க கொண்டுபோய் விடறதுன்னுதான் அர்த்தம். டிக்கெட்ட பார்க்கோட சொந்த வெப்சைட்ல நீங்களே தேதி போட்டு எடுத்துக்கங்க.

இன்னொன்னு, டிரைவர் வேற கைடு வேற. அங்க காசு வாங்கிட்டு சுத்திக்காட்டி விளக்கம் சொல்றவங்க டூரிசம் போர்டு லைசென்ஸ் வச்சிருக்கணும், பேட்ஜ் மாட்டியிருப்பாங்க. எங்களுக்கு கைடுன்னு சொல்லி அனுப்பினவர் டிரைவர் மட்டும்தான், மெர்லயன் கிட்ட இறக்கிவிட்டு 20 நிமிஷத்துல வாங்கன்னுட்டு போயிட்டார், நிறுத்த இடமில்ல பாவம். ஒவ்வொரு இடத்துலயும் அந்த 20 நிமிஷம் மாமியார இழுத்துட்டு ஓடினதுதான் எனக்கு ஞாபகம் இருக்கு.

ஆனா ஒரு விஷயத்துல யீஷூன் அண்ணன் சொல்றதோட முழுசா ஒத்துப்போக மாட்டேன். பார்க்லருந்து திரும்பும்போது வண்டி இருக்கணும். காலைல எம்ஆர்டில போறது சந்தோஷமா இருக்கும், சாயங்காலம் பையன் தோள்ல தூங்கிட்டு இருப்பான், அம்மாவுக்கு கால் வீங்கியிருக்கும், அப்போ மோனோரயிலுக்கு வரிசைல நின்னு, மால் வழியா இறங்கி, ரயில் பிடிக்கிறதுங்குறது வேற கதை. எங்க மாமியார் பேஸ்மென்ட்ல பிக்கப் இடத்துல சுவத்து ஓரமா செருப்ப கழட்டி வச்சிட்டு அப்படியே தரைல உக்காந்துட்டாங்க, வண்டி வர 40 நிமிஷம் ஆச்சு, அவ்வளவு காசு குடுத்தும். அத பாத்தப்போ எனக்கு அழுகையே வந்துருச்சு. அதனால திரும்ப வர்றதுக்கு மட்டும் அங்க டேக்ஸி ஸ்டாண்டுல பெரிய டேக்ஸியோ, ஆப்ல 6 சீட்டரோ எடுங்க. சாதா டேக்ஸில 4 பேர்தான் ஏத்துவாங்க, நீங்க ஆறு பேர், ஞாபகம் வச்சுக்கங்க.

அம்மாவுக்கு வாசல்லயே வீல்சேர் வாடகைக்கு எடுத்துடுங்க, அவங்க வேணாம்னு சொல்வாங்க, எங்க மாமியாரும் சொன்னாங்க, ரெண்டு மணி நேரம் கழிச்சு அவங்களே எங்கன்னு கேட்டாங்க.

கோவை_ராட்டினம்:

நான் தீம் பார்க் பைத்தியம், யூனிவர்சல் சிங்கப்பூர் மூணு தடவ போயிருக்கேன். எனக்கு கோபம் வர்றது அந்த 1 மணிக்கு இறக்கிவிடுற டைமிங் பாத்துதான். பார்க் வழக்கமா 10 மணிக்கு திறக்குது, பல நாள் 7 மணிக்கு மூடுது (அந்தந்த நாள் டைம் வெப்சைட்ல போட்டிருப்பாங்க, பாத்துக்கங்க). கூட்டம் கம்மியா இருக்குற 10 டு 12 நேரத்த மெர்லயன் கிட்ட போட்டோ எடுத்துட்டு விட்டுட்டு, வரிசை மலைப்பாம்பு மாதிரி நீண்டு கிடக்குற ஒரு மணிக்கு போய் உள்ள நுழையறீங்க. மதியம் இங்க இடி மழை அடிக்கடி வரும், மின்னல் வந்தா வெளில இருக்குற ரைடு எல்லாத்தையும் நிறுத்திடுவாங்க, ஒரு மணி நேரம் போனா போனதுதான். அப்படி பார்த்தா உங்க கைல நிக்குறது நாலு ரைடு.

திறக்கும்போதே வாசல்ல நில்லுங்க. உள்ள போனதும் எல்லாரும் முன்னாடி தெருவுல நின்னு போட்டோ எடுப்பாங்க, நீங்க நிக்காம வலது பக்கமா நியூயார்க் தாண்டி சை-ஃபை சிட்டிக்கு போங்க (இதெல்லாம் பார்க்குக்குள்ள இருக்குற பகுதிங்களோட பேரு), பெரிய வரிசை சேர்ற ரைடெல்லாம் அங்கயும் அடுத்த எகிப்துலயும்தான் இருக்கு. பார்க் ஒரு ஏரிய சுத்தி வட்டமா இருக்கு, அப்படியே சுத்தி வந்தா கடைசில மினியன் லேண்ட், அது 2025 பிப்ரவரில புதுசா திறந்தது, சின்னவனுக்கு ரொம்ப பிடிக்கும்.

இப்ப முக்கியமானது, பையன் உயரம் எவ்வளவு? வயசு முக்கியமில்ல அங்க, சென்டிமீட்டர்தான். கேனபி ஃபிளையர் ரைடுக்கு 92, டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102, தண்ணி ராஃப்டிங்குக்கு 107, மம்மிக்கு 122, அந்த ரெட்டை ரோலர் கோஸ்டருக்கு 125. ஒவ்வொரு ரைடு வாசல்லயும் கோல் வச்சிருப்பாங்க, ஒரு விரல் குறைஞ்சாலும் விட மாட்டாங்க, கெஞ்சினாலும் விட மாட்டாங்க, அது நம்ம பிள்ளைக்கு நல்லதுதான். நான் பாத்தேன் ஒரு குட்டிப்பையன் முக்கால் மணி நேரம் அப்பா கையப் பிடிச்சிட்டு வரிசைல நின்னான், முன்னாடி போனதும் கோல் கிட்ட நிக்க வச்சாங்க, குதிகால தூக்கி நின்னான், அங்க வேலை பாக்குற பொண்ணு மெதுவா அவன் தோள அமுக்கி பாத்துட்டு தலைய ஆட்டிட்டா. அவன் சத்தமே போடல, உதட்ட கடிச்சிட்டு அப்பா சட்டைக்குள்ள முகத்த வச்சுகிட்டான். அதனால ஊர்லயே சுவத்துல நிக்க வச்சு அளந்து, எதுல போலாம் எதுல போக முடியாதுன்னு இப்பவே சொல்லி வச்சிடுங்க.

சிட்டிய சாயங்காலத்துக்கு தள்ளுங்க. சிங்கப்பூர்ல வருஷம் பூரா சூரியன் 7 மணி சுமாருக்குதான் மறையும், அதுக்கப்புறம் வெயில் இல்லாம லைட்டோட மரீனா பே பாக்குறதுதான் அழகு. கார்டன்ஸ் பை தி பேல பெரிய இரும்பு மரங்கள்ல லைட் ஷோ 7:45க்கும் 8:45க்கும், காசு கிடையாது, கீழ பாய் விரிச்ச மாதிரி தரைல படுத்துட்டு மேல பாக்கணும். ஒரே நாள்தான் இருக்குன்னா கூட பார்க் முதல்ல, சிட்டி அப்புறம். டூர்காரங்க அவங்க வசதிக்கு மாத்தி போடுறாங்க, நாம கேட்டா மாத்தி குடுப்பாங்க.

திருச்சி_உறையூர்:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றிங்க, இவ்வளவு விவரம் கிடைக்கும்னு நினைக்கல. பையன இப்பதான் சுவத்துல நிக்க வச்சு அளந்தேன், செருப்பு இல்லாம 108. ராஃப்டிங் வரைக்கும் போலாம், மம்மி முடியாது, அவன்கிட்ட சொல்லிட்டேன், கொஞ்ச நேரம் மூஞ்ச தூக்கி வச்சிட்டு அப்புறம் அக்கா மட்டும் போகட்டும் நான் தாத்தாவோட இருக்கேன்னு சொல்லிட்டான்.

முடிவு பண்ணிட்டேன், ரெண்டு நாளா பிரிக்கிறேன். முதல் நாள் காலைல 4 மணி நேரம் வண்டி, மதியம் ரூம்ல ரெஸ்ட், சாயங்காலம் லைட் ஷோ. ரெண்டாவது நாள் இடைவெளி, தேக்காவுலயே சுத்துறோம், அம்மாவுக்கு வீரமாகாளியம்மன் கோயில் போகணும். மூணாவது நாள் திறக்கும்போதே யூனிவர்சல், போறப்போ எம்ஆர்டி, திரும்ப 6 சீட்டர். ரெண்டு சந்தேகம் மட்டும். அப்பா அம்மாவுக்கும் முழு டிக்கெட் எடுத்து உள்ள கூட்டிட்டு போறது வேஸ்டா? வெளிய இருக்கோம்னு சொல்றாங்க. அப்புறம் அந்த 4 மணி நேர வண்டில பையனுக்கு தனியா சைல்ட் சீட் கேக்கணும்னு யாரோ சொன்னாங்க, அது உண்மையா?

யீஷூன்வாசி:

சீட் விஷயம் உண்மை தம்பி. 1.35 மீட்டருக்கு கீழ உள்ளவங்களுக்கு பூஸ்டர் சீட்டோ சைல்ட் சீட்டோ கட்டாயம், பையன் 108, அதனால புக் பண்ணும்போதே சொல்லிடுங்க. டேக்ஸிக்கு மட்டும் விலக்கு இருக்கு, ஆப்ல வர்ற பிரைவேட் ஹையர் காருக்கு விலக்கு இல்ல, அதனால திரும்பி வரும்போது ஆப்ல எடுத்தா சைல்ட் சீட் உள்ள வண்டியா பாத்து எடுங்க, இல்லன்னா டேக்ஸியே எடுங்க. பொண்ணு 135 தாண்டியிருந்தா பிரச்சனை இல்ல.

கூடல்நகர்_அக்கா:

அப்பா அம்மாவ உள்ள கூட்டிட்டு போங்க தம்பி, வெளிய உக்கார வைக்காதீங்க. முன்னாடி ஹாலிவுட் தெரு மேல பெரிய கூரை போட்டிருக்கு, மழையும் படாது வெயிலும் படாது, உக்காந்து வேடிக்கை பாத்தாலே பொழுது போகும். தண்ணில படகு ஸ்டண்ட் ஷோ ஒன்னு இருக்கு, உக்காந்தே பாக்குறது, முன் வரிசைல உக்காந்தா நனைஞ்சிடுவாங்க பின்னாடி உக்கார வைங்க. எங்க மாமியார் ஒரு ரைடு கூட ஏறல, ஆனா மதுரைல பக்கத்து வீட்டுக்காரங்க வந்தா இன்னைக்கும் அந்த ஷோவுல நெருப்பு பத்தி எரிஞ்சத கை காட்டி காட்டி சொல்றாங்க.

யீஷூன்வாசி:

இன்னொன்னு சொல்ல விட்டுட்டேன். வண்டி எடுக்குற அன்னைக்கு முதல் ஸ்டாப் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலா வச்சுக்கங்க, 8 மணிக்கே போயிடுங்க. 1827ல ஆரம்பிச்ச கோயில், நாராயண பிள்ளைங்குற நம்ம ஆளு எழுப்பினது, இங்க இருக்குற இந்துக் கோயில்லயே பழசு, அம்மாவுக்கு ரொம்ப பிடிக்கும். மதியம் நடை சாத்திடுவாங்க, சாயங்காலம்தான் திரும்ப திறப்பாங்க. டூர்காரங்க பிளான்ல சைனா டவுன் 12 மணிக்கு மேல போட்டிருந்தா கதவுதான் பாக்கணும், அத முதல்ல மாத்த சொல்லுங்க.