வளவு வீட்டுப் பங்காளிகள் குழு: முகப்புப் பலகைக்கு ஆங்கிலம்

உமையாள்: முகப்பில் மாட்டப் போகும் ஆங்கிலப் பலகைக்கு அச்சகத்திலிருந்து மாதிரி வந்துவிட்டது. நாளை மதியத்துக்குள் சரி சொல்ல வேண்டும். எல்லாரும் ஒருமுறை பாருங்கள்.

"வெல்கம் இன் அவர் ஹெரிட்டேஜ் ஹவுஸ். வி ஆர் லிவிங் ஹியர் சின்ஸ் ஃபோர் ஜெனரேஷன்ஸ். ஆஃப்டர் ரீச்சிங் டு காரைக்குடி கைண்ட்லி இன்டிமேட். ஆல் டைல்ஸ் ஆர் மேட் ஃப்ரம் ஆத்தங்குடி. ஃபுட்வேர் ஸ்ட்ரிக்ட்லி ப்ரொஹிபிட்டட். டிஸ்கஸ் அபவுட் டின்னர் வித் குக் டில் ஃபோர். ரூம்ஸ் ஆர் இன் ஃபர்ஸ்ட் ஃப்ளோர்."

அடைக்கப்பன் சித்தப்பா: நன்றாகத்தானே இருக்கிறது? வருகிறவனுக்குப் புரியாதா என்ன?

மீனாள் ஆச்சி: பாதி புரியும் சித்தப்பா. மீதியைத் தப்பாகப் புரிந்துகொள்வான். உமையா, முதலில் சின்னதெல்லாம். வெல்கம் இன் இல்லை, வெல்கம் டு. ரீச்சுக்குப் பின்னால் டு வராது, ரீச் காரைக்குடி, அவ்வளவுதான். டிஸ்கஸுக்கும் அபவுட் வேண்டாம். 'ஊருக்கு', 'சாப்பாட்டைப் பற்றி' என்று நாம் தமிழில் நினைக்கிறோம். அதுதான் டு, அபவுட் என்று போய் ஒட்டிக்கொள்கிறது.

அழகு: அரைவ் என்று போட்டால்?

மீனாள் ஆச்சி: அதற்கு வேண்டும். ஊர் என்றால் அரைவ் இன் காரைக்குடி. ஸ்டேஷன் என்றால் அரைவ் அட் காரைக்குடி ஜங்ஷன். அரைவ் டு மட்டும் கிடையவே கிடையாது.

அழகு: பல்லவன் ரயிலில் வருகிறேன் என்பது இன் தி பல்லவனா, ஆன் தி பல்லவனா ஆச்சி?

மீனாள் ஆச்சி: ஆன். எழுந்து நடக்க இடமுள்ள ரயில், பஸ், விமானம் எல்லாம் ஆன். கார், ஆட்டோ, டாக்சி இன்.

அழகு: பைக்கில் நடக்க முடியாதே!

மீனாள் ஆச்சி: அதன் மேல்தானே ஏறி உட்காருகிறாய்? அதுவும் ஆன்.

சிங்கப்பூர் சொக்கு: நமக்கு இன், ஆன், அட் மூன்றுக்கும் 'இல்' ஒன்றுதான், அங்கேதான் சிக்கல். இங்கே என் மகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தால் எதிர்ப்பக்கமாகக் குழம்புகிறாள்.

மீனாள் ஆச்சி: பள்ளிக்கூடத்தில் நான் வீட்டை வைத்துத்தான் சொல்லுவேன். வளவுக்குள் நிற்கிறாய், நாலு பக்கமும் சூழ்ந்திருக்கிறது, இன் தி கோர்ட்யார்ட். திண்ணையில் உட்காருகிறாய், உடம்பு அதன் மேல் படுகிறது, ஆன். கதவடியில் நின்று கூப்பிடுகிறாய், அது ஓர் இடக்குறி, அட் தி டோர். நேரத்துக்கும் கிட்டத்தட்ட இதேதான். வருஷம், மாதம் பெரிசு, இன். கிழமை, தேதிக்கு ஆன். மணிக்கு அட்.

சிங்கப்பூர் சொக்கு: அப்படியென்றால் "இன் யுனெஸ்கோ லிஸ்ட்" என்றும் ஒரு வரி சேர்க்கலாமே? கூட்டம் வரும்.

மீனாள் ஆச்சி: லிஸ்ட்டுக்கு ஆன். அதைவிட முக்கியம், 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் சேர்ந்தது உத்தேசப் பட்டியலில்தான். உலகப் பாரம்பரியச் சின்னம் என்று இன்னும் ஆகவில்லை. ப்ரெபொசிஷனைச் சரிசெய்துவிட்டுப் பொய்யை மாட்டி வைக்கக் கூடாது.

அடைக்கப்பன் சித்தப்பா: அது சரி. டைல்ஸ் வரியில் என்ன குற்றம்?

மீனாள் ஆச்சி: மேட் ஃப்ரம் ஆத்தங்குடி என்றால் ஊரையே அரைத்து டைல்ஸ் செய்த மாதிரி 😄 ஊருக்கு மேட் இன். கைவேலை மேட் பை ஹேண்ட். பொருள் கண்ணுக்கு அப்படியே தெரிந்தால் ஆஃப், நம் கதவு மேட் ஆஃப் பர்மா டீக். உருமாறிப் போனால் ஃப்ரம், பேப்பர் இஸ் மேட் ஃப்ரம் வுட். சமையலில் சேர்மானத்தைச் சொன்னால் வித், நம் கவுனி அரிசி இனிப்பு இஸ் மேட் வித் கோக்கனட் அண்ட் சுகர்.

அடைக்கப்பன் சித்தப்பா: கண்ணாடித் தகட்டின் மேல் சாயத்தை ஊற்றி வார்க்கிறார்கள், அந்த வழுவழுப்பு கண்ணாடியால்தான் வருகிறது. அதையும் எழுதேன். வருகிறவர்கள் கேட்பதே அதைத்தான்.

மீனாள் ஆச்சி: நல்ல யோசனை. காஸ்ட் ஆன் கிளாஸ். சின்ன வரிதான்.

உமையாள்: சின்ஸ் ஃபோர் ஜெனரேஷன்ஸ் சரியா ஆச்சி?

மீனாள் ஆச்சி: இல்லை. சின்ஸுக்குத் தொடங்கிய புள்ளி வேண்டும், சின்ஸ் 1950 என்கிற மாதிரி. எத்தனை காலம் என்றால் ஃபார். ஆர் லிவிங் என்பதும் ஹேவ் லிவ்ட் ஆகும். டில் ஃபோர் என்றால் நாலு மணி வரைக்கும் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். நாலு மணிக்குள் என்பதற்கு பை ஃபோர்.

அழகு: ஃபர்ஸ்ட் ஃப்ளோருக்கு இன்னை ஆன் ஆக்கினால் போதும்தானே?

மீனாள் ஆச்சி: ஆன்தான் சரி. ஆனாலும் அமெரிக்காக்காரனுக்கு ஃபர்ஸ்ட் ஃப்ளோர் என்றால் தரைத்தளம். பெட்டியோடு கீழேயே இரண்டாங்கட்டுக்குள் போய் நிற்பான். அப்ஸ்டேர்ஸ் என்று போட்டால் தொல்லை இல்லை, முன்னால் எதுவும் ஒட்டவும் வேண்டாம்.

அழகு: என் அறிமுகத்தில் பாஸ்ட் அவுட் ஃப்ரம் காலேஜ் என்று இருக்கிறது. விடலாமா?

சிங்கப்பூர் சொக்கு: வெளிநாட்டுக்காரர் பலர் நீ மயங்கி விழுந்தாய் என்று நினைப்பார்கள் தம்பி. கிராஜுவேட்டட் ஃப்ரம்.

மீனாள் ஆச்சி: நம் ஊருக்குள் பாஸ்ட் அவுட் தாராளமாகச் செல்லும், அதைக் கேலி செய்ய ஒன்றும் இல்லை. யார் படிக்கப் போகிறார்கள் என்பதுதான் கணக்கு. வீக்கெண்டுக்குப் பிரிட்டிஷார் அட் என்பார்கள், அமெரிக்கர் ஆன் என்பார்கள், இரண்டும் சரிதானே? ஆனால் அந்த "ஸ்ட்ரிக்ட்லி ப்ரொஹிபிட்டட்" எனக்குப் பிடிக்கவில்லை. இலக்கணத்தில் தப்பே இல்லை, விருந்தாளியை அதட்டுகிற மாதிரி இருக்கிறது. கைண்ட்லி இன்டிமேட்டும் ஆபீஸ் கடிதம்தான்.

உமையாள்: இப்போது பாருங்கள்.

"வெல்கம் டு அவர் ஹோம். அவர் ஃபேமிலி ஹேஸ் லிவ்ட் ஹியர் ஃபார் ஃபோர் ஜெனரேஷன்ஸ். தி ஃப்ளோர் டைல்ஸ் வேர் மேட் பை ஹேண்ட் இன் ஆத்தங்குடி, காஸ்ட் ஆன் கிளாஸ். ப்ளீஸ் லீவ் யுவர் ஷூஸ் அட் தி டோர். இஃப் யூ வுட் லைக் டின்னர், டெல் தி குக் பை ஃபோர். தி ரூம்ஸ் ஆர் அப்ஸ்டேர்ஸ்."

காரைக்குடி வரியை எடுத்துவிட்டேன். பலகையைப் படிக்கிறவர் ஏற்கெனவே வந்து சேர்ந்திருப்பார்.

மீனாள் ஆச்சி: 👌 அனுப்பிவிடு.

அடைக்கப்பன் சித்தப்பா: அடிக்கும் முன் பலகை பித்தளையா தகரமா என்று கேள். தகரம் என்றால் நான் பணம் தர மாட்டேன்.