ஆரையம்பதிக் குசினிக்குப் பலகை அலுமாரியா, சீமெந்துத் தட்டா?

ஆரையம்பதி_அக்கா

மட்டக்களப்புக்குப் பக்கத்தில் ஆரையம்பதியில் கட்டுகிற எங்கள் வீட்டுக் குசினி 10 அடிக்கு 9 அடி. சுவர் பூசியாகிவிட்டது, டைல்ஸ் இன்னும் பதிக்கவில்லை. 10 அடிச் சுவரில் ஜன்னல், எதிரே கூடத்துக்குப் போகும் வாசல், மூலையில் பின்கதவு. கையில் மூன்றரை லட்சம்தான் இருக்கிறது. காத்தான்குடிக் கடை ஒன்றில் பெட்டி பெட்டியாகச் சேர்த்துப் பூட்டுகிற மெலமைன் ஒட்டிய மரத்தூள் பலகை அலுமாரி பார்த்தேன், மனம் அதிலேயே நிற்கிறது. மேசன் சிரிக்கிறார். "சீமெந்துத் தட்டுப் போட்டு அலுமினியக் கதவு பூட்டுங்க, பேரப்பிள்ளை காலத்துக்கும் கிடக்கும்" என்கிறார். அம்மாவின் கேள்வி வேறு: விறகு அடுப்பு எங்கே? 2022 இல் காஸ் வரிசையில் நின்றவர் அவர், குறை சொல்ல முடியாது. நான் யார் சொல்வதைக் கேட்பது?

பேர்ண்_களுவாஞ்சி

அக்கா, யோசிக்காமல் பெட்டி அலுமாரியை எடுங்கள். சுவிஸில் நான் இருக்கிற வாடகை வீட்டுக் குசினி முழுக்க இதே மரத்தூள் பலகைதான். எனக்கு முன்பு இரண்டு குடும்பம் சமைத்திருக்கிறது, இன்னும் ஒரு கதவுகூடத் தொங்கவில்லை.

இதில் உள்ள வசதி, அகலம் ஒழுங்காக வரும்: 30, 40, 45, 60, 80 சென்ரிமீற்றர். உங்கள் 10 அடிச் சுவர் 3048 மில்லிமீற்றர். 60 சென்ரிமீற்றர் பெட்டி ஐந்து வைத்தால் 3000. மிச்சம் 48 மில்லிமீற்றருக்கு ஒரு ஒட்டுப்பட்டி. இந்த வருடம் கீழ்ப்பெட்டி, கையில் காசு வந்ததும் மேல்பெட்டி. சீமெந்தில் அப்படித் தவணை முறையில் கட்ட முடியுமா?

இன்னொன்று. மேசன் கட்டுகிற குறுக்குச் சுவர் பூச்சோடு ஐந்தரை அங்குலம் வரும். நான்கு குறுக்குச் சுவர் என்றால் 22 அங்குலம். சட்டி வைக்க வேண்டிய இடத்தில் கிட்டத்தட்ட இரண்டு அடியைச் சுவரே தின்றுவிடும். பலகையின் தடிப்பு 18 மில்லிமீற்றர்தான்.

ஓடாவி_அக்கரைப்பற்று

தம்பி பேர்ணில் இருந்து நல்லாக் கணக்குப் போடுகிறார். அங்கே குசினித் தரையை வாளித் தண்ணீர் ஊற்றி தும்புத்தடியால் தேய்த்துக் கழுவுவார்களா? எங்கட பெண்கள் கழுவுவார்கள். கழுவாதே என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

மரத்தூள் பலகையின் முகத்துக்கு ஒன்றும் ஆகாது, மெலமைன் தண்ணீர் குடிக்காது. குடிப்பது வெட்டிய விளிம்பு. சிங்க் பைப்புக்காகத் துளைத்த ஓட்டை குடிக்கும். ஸ்குரூ இறங்கிய இடம் குடிக்கும். ஒருமுறை ஊதினால் காய்ந்த பிறகும் பழைய தடிப்புக்குத் திரும்பாது. மறுகா பிணைச்சல் பிடிக்காது, கதவு ஒரு பக்கம் தலையைச் சாய்க்கும். கறையான் கதையை நான் இன்னும் தொடங்கவே இல்லை.

10 அடிச் சுவர் என்று யார் சொன்னது? பிளானில்தான் 10 அடி. பூச்சும் டைல்ஸும் முடிந்து அளந்து பாருங்கள் தங்கச்சி, ஒரு நுனியில் 9 அடி 10 அங்குலம் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அது 2997 மில்லிமீற்றர். மூன்று மில்லிமீற்றர் காணாமல் தம்பியின் ஐந்தாவது பெட்டி வாசலில் நிற்கும்.

குறுக்குச் சுவரை ஏன் செங்கல்லில் கட்ட வேண்டும்? கம்பி வைத்துத் தரையில் வார்த்த இரண்டு அங்குலத் தட்டைத் தூக்கி நிறுத்தினால் போதும்.

கொக்கட்டிச்சோலை_வாத்தி

வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருந்து ஒரு குரல். 2011 ஜனவரி வெள்ளத்தில் எங்கள் குசினிக்குள் முழங்கால் தண்ணீர். பலகை அலுமாரியின் கீழ்ப்பாதியை மண்வெட்டியால் அள்ளிக் கொட்டினோம். பக்கத்து வீட்டில் சீமெந்துத் தட்டு. அவர்கள் சேற்றைக் கழுவிவிட்டு அடுத்த நாளே சட்டி கவிழ்த்தார்கள். அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

பேர்ண்_களுவாஞ்சி

சேர், முழங்கால் வெள்ளத்துக்கு நான் பதில் வைத்திருக்கவில்லை. ஆனால் தரை கழுவுகிற தண்ணீருக்குப் பதில் இருக்கிறது. இந்தப் பெட்டிகள் தரையில் உட்காருவதில்லை. 10 முதல் 15 சென்ரிமீற்றர் உயரப் பிளாஸ்டிக் கால்கள் வரும், திருகினால் ஏறும் இறங்கும். முன்னால் மறைப்புப் பட்டி, அதைக் கழற்றிவிட்டுக் கழுவலாம். ஊரில் பலர் அந்தக் காலுக்குக் காசு மிச்சம் பிடிக்க, பலகையை நேரே தரையில் நிறுத்துகிறார்கள். பிறகு பலகை கெட்டது என்று கதை. உள்ளே பச்சை நிறமாக இருக்கிற, ஈரம் தாங்கும் பலகை கேட்டு வாங்கலாம்.

ஓடாவி_அக்கரைப்பற்று

பச்சைப் பலகை ஈரக் காற்றைத் தாங்கும். தேங்கி நிற்கிற தண்ணீரைத் தாங்காது. அந்தப் பச்சையைக் காட்டி "வாட்டர் புரூப்" என்று விற்கிறவர்கள்தான் என் பிழைப்பைக் கெடுக்கிறார்கள்.

கல்முனை_ராத்தா

இரண்டு பேரும் சண்டையை நிறுத்துங்கள், நான் அந்தப் பலகையோடு ஆறு வருடம் குடும்பம் நடத்தியவள். கடையின் பெயர் வேண்டாம். ஐந்து பெட்டி போட்டோம். அதில் கெட்டது ஒன்றே ஒன்றுதான், சிங்குக்குக் கீழே இருந்தது. பைப் மூட்டு சொட்டுச் சொட்டாக ஒழுகியிருக்கிறது, முன்னால் வாளி இருந்ததால் நான் காணவில்லை. கண்டபோது அடிப்பலகை பிட்டு மாதிரி உதிர்ந்தது. கடைக்காரருக்கு ஏழு தடவை கோல் எடுத்தேன், ஆள் வரவே இல்லை. மற்ற நான்கு பெட்டியும் இன்றைக்கும் நிற்கிறது, 2024 நவம்பர் மழையில் வளவு முழுக்கத் தண்ணீர் நின்றபோதும்.

ஆனால் பிணைச்சல்! எங்கள் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். இரண்டாம் வருடமே துரு. ஆரையம்பதியிலும் உப்புக் காற்றுத்தானே? கதவின் நிறத்துக்குக் காசைக் கொட்டாமல் 304 ரக ஸ்டெயின்லெஸ் பிணைச்சலுக்குக் கொடுங்கள்.

ஆரையம்பதி_அக்கா

ராத்தா, நீங்கள் சொன்ன பிறகுதான் விளங்குகிறது. நான் அழகைப் பார்த்தேன், சிங்கைப் பார்க்கவில்லை. சரி, எதை எங்கே வைப்பது? அதையும் சொல்லுங்கள். அடுப்பை ஜன்னலுக்குக் கீழே வைத்தால் புகை போகும் என்று நினைத்தேன்.

பேர்ண்_களுவாஞ்சி

ஜன்னலுக்குக் கீழே சிங்க். அடுப்பு ஒன்பது அடிச் சுவரில். இரண்டுக்கும் இடையில் வெட்டவும் கொத்தவும் குறைந்தது இரண்டு அடி வெறும் தட்டு. பிரிட்ஜ் கூடத்து வாசல் பக்கம், பிள்ளைகள் தண்ணீர் எடுக்க உள்ளே வரத் தேவையில்லை. 1940களில் அமெரிக்காவில் இலினோய் பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்து, பிரிட்ஜ், சிங்க், அடுப்பு மூன்றையும் இணைக்கிற முக்கோணம் என்று ஒரு கணக்குச் சொன்னார்கள். மூன்று பக்கமும் கூட்டினால் 13 அடிக்குக் குறையக் கூடாது, 26 அடியைத் தாண்டக் கூடாது. உங்கள் குசினியில் அது சுலபமாக அடங்கும்.

கல்முனை_ராத்தா

அந்த முக்கோணத்தில் தேங்காய் திருவுகிற இடம் எங்கே தம்பி? இடியப்பம் பிழிகிற இடம் எங்கே? அமெரிக்காக்காரிக்கு அது தேவையில்லை, எங்களுக்குக் காலையில் முதல் வேலையே அதுதான்.

தங்கச்சி, தட்டின் விளிம்பு கீழ்ப்பெட்டியைத் தாண்டி இரண்டு அங்குலமாவது வெளியே நீட்டி நிற்க வேண்டும். அப்போதுதான் கைபிடி சுற்றுகிற திருவல் மெஷினை அதில் கவ்வ வைக்கலாம். மேல்தட்டு கிரனைட் என்றால் தாங்கும். மரத்தூள் பலகையில் இறுக்கினால் விளிம்பு நொறுங்கும், எனக்கு நொறுங்கியது.

உயரத்தையும் கவனியுங்கள். எல்லோரும் 36 அங்குலம் என்பார்கள். நான் ஐந்து அடி. மேசை அடுப்பை அந்தத் தட்டில் வைத்து, அதன் மேல் சோற்றுப் பானை வைத்தால், பானைக்குள் எட்டிப் பார்க்க எனக்கு முக்காலி வேண்டும். அடுப்பு வருகிற இடத்தை மட்டும் நாலு அங்குலம் தாழ்த்தச் சொல்லுங்கள்.

ஓடாவி_அக்கரைப்பற்று

ராத்தா சொன்னதில் பிழை கிடையாது. ஜன்னலுக்குக் கீழே அடுப்பு வேண்டாம் என்பதில் தம்பியோடு நானும் ஒத்துப்போகிறேன், கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் காற்று நெருப்பைச் சரித்துக்கொண்டே இருக்கும், காஸும் வீண்.

காஸ் சிலிண்டரை அழகுக்காக அலுமாரிக்குள் பூட்டாதீர்கள். அந்த வாயு காற்றைவிடப் பாரம், கசிந்தால் அடியில் தங்கும். உள்ளே வைத்தே ஆக வேண்டும் என்றால் கதவின் அடியில் காற்று வழி வெட்டுங்கள். பின்சுவருக்கு வெளியே வைத்துக் குழாய் எடுப்பது இன்னும் நல்லது.

மேல்பெட்டி தொங்குகிற சுவர் எது? உள்ளே பொந்து உள்ள சீமெந்துக் கல் என்றால் சாதாரண பிளக் பிடிக்காது. பீங்கான் நிறைத்த பெட்டி இரவில் விழுந்தால் வெடி என்றுதான் நினைப்பீர்கள். இரும்புப் பட்டியை, ஜன்னலுக்கு மேலே ஓடுகிற லின்டல் கொங்கிரீட்டில் பூட்டி அதில் பெட்டியைத் தொங்கவிட வேண்டும்.

ஆரையம்பதி_அக்கா

ஓடாவி நானா, இப்படிச் செய்தால் என்ன? சிங்க் வருகிற ஜன்னல் சுவருக்குக் கீழே சீமெந்துத் தட்டும் அலுமினியக் கதவும். அடுப்புச் சுவருக்குக் கீழேயும் மேலேயும் பலகைப் பெட்டி, கால் வைத்து. அம்மாவின் விறகு அடுப்புக்குப் பின்கதவுக்கு வெளியே சின்னக் கொட்டில்.

பேர்ண்_களுவாஞ்சி

இரண்டு சாமானைக் கலந்தால் கதவின் நிறம் ஒன்றாக வராது அக்கா. வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்ததும் கேட்பார்கள்.

கொக்கட்டிச்சோலை_வாத்தி

கேட்கிறவர்களைக் கூடத்திலேயே இருத்தித் தேத்தண்ணி கொடுங்கள்.

ஓடாவி_அக்கரைப்பற்று

சிங்க் பக்கம் சீமெந்து என்றால் எனக்குச் சம்மதம். அடுப்புப் பக்கப் பலகைக்கு நான் பொறுப்பில்லை, எண்ணெயும் ஆவியும் அதை என்ன செய்யும் என்று மூன்று வருடத்தில் நீங்களே வந்து எழுதுவீர்கள். டைல்ஸ் பதிக்கும் முன் சோக்குக்கட்டியால் தரையில் எல்லாவற்றையும் கோடு போடுங்கள். பெட்டிகளின் முன்பக்கம் எங்கே வரும், கதவு திறந்தால் எது வரைக்கும் வரும் என்று. கோட்டுக்குள் நின்று ஒரு நாள் சும்மா சமைத்துப் பாருங்கள்.

ஆரையம்பதி_அக்கா

போட்டுவிட்டேன். பின்கதவு திறந்தால் பிரிட்ஜ் கதவில் முட்டுகிறது. அம்மா கோட்டுக்கு வெளியே நின்று, "திருவலையில குந்தி இருந்து திருவுற எனக்கு எங்கடி இடம்?" என்று கேட்கிறார். நாளைக்கு மேசனை வரச் சொல்லியிருக்கிறேன், கதவை மற்றப் பக்கம் திறக்கிற மாதிரி மாற்ற எவ்வளவு கேட்பார்கள்?