புதுப்பிப்பு: பழைய மல்யுத்த டிவிடிகளில் மங்கிய சின்னம்

டபிள்யூடபிள்யூஎஃப் என்ற அமெரிக்க மல்யுத்த நிறுவனத்தின் பழைய ஆட்டங்களை டிவிடியில் மறுவெளியிடும்போது அதன் சின்னத்தை மங்கலாக்கியது ஆட்டத்தையே கெடுக்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். புதிய தொகுப்புகளிலும் அப்படித்தானா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அதே சுருக்கப்பெயர் கொண்ட உலக இயற்கை நிதியத்துடனான வழக்கால் 2002-இல் நிறுவனம் டபிள்யூடபிள்யூஇ எனப் பெயர் மாறிய பின், மறுவெளியீடுகளில் பழைய கீறல் சின்னம் மங்கியது, வர்ணனையில் பழைய பெயரின் ‘எஃப்’ ஒலியும் அறுபட்டது. 2012 உடன்பாட்டில் அத்தடை நீங்கியது.

1998 கிங் ஆஃப் தி ரிங் மல்யுத்த நிகழ்ச்சியில் அண்டர்டேக்கர் என்ற வீரர் கூண்டின் உச்சியிலிருந்து மேன்கைண்ட் என்ற வீரரைத் தூக்கி எறிய, அவர் வர்ணனையாளர் மேசையை நொறுக்கி விழுந்ததையும் வர்ணனையாளர் ஜிம் ராஸ் பதறிக் கத்தியதையும் தண்டையார்பேட்டையில் கேபிள் வழியே கண்டு வளர்ந்த எங்களுக்கு, அந்தக் காலத்துத் திரை அப்படியே வேண்டும். பர்மா பஜாரில் வாங்குவோர் உறையின் பின்புறம் வெளியீட்டு ஆண்டைப் பார்த்து, 2012-க்குப் பிந்தைய பதிப்பையே கேளுங்கள்.