மைக்கேலாஞ்சலோ நாவல்: எது நிஜம், எது கைச்சரக்கு?

பாம்பன் வாசகி:

தடைக்காலம் முடிய ஜூன் பாதி ஆகும், அதுவரை படகு கரையில்தான் கிடக்கும், வீட்டிலும் யாரும் நம்மை அவசரப்படுத்த மாட்டார்கள் என்ற தைரியத்தில், இர்விங் ஸ்டோன் 1961-ல் எழுதிய அந்தத் தடித்த மைக்கேலாஞ்சலோ நாவலை எடுத்தேன். இங்கிலீஷ்தான், அகராதி பக்கத்திலேயே இருக்கிறது. பதின்மூன்று வயதில் கிர்லாண்டாயோவின் ஓவியப் பட்டறையில் சேருவது, அப்புறம் பிளாரன்ஸை ஆண்ட மெடிச்சி குடும்பத்தின் தோட்டத்தில் சிலை செதுக்கப் பழகுவது, கூடப் படித்த தொரிஜானோ விட்ட குத்தில் மூக்கு உடைவது, எல்லாம் ஒரே மூச்சில் போனது.

பிரச்சினை கான்டெசினாவால் வந்தது. லொரென்சோ மெடிச்சியின் மகள். இருவருக்கும் சிறு வயதிலேயே மனசுக்குள் ஒரு இது, சொல்லவும் முடியாமல் விடவும் முடியாமல் வருஷக்கணக்காக இழுத்துக்கொண்டே போகிறது. படிக்கும்போது கண் கலங்கிவிட்டது. சரி, அந்தப் பெண்ணைப் பற்றி இன்னும் கொஞ்சம் தெரிந்துகொள்வோமே என்று போனில் தேடினால், அப்படி ஒருத்தி இருந்தாள், 1478-ல் பிறந்தாள், ரிடோல்ஃபி குடும்பத்தில் கட்டிக்கொடுத்தார்கள், 1515-ல் போய்ச் சேர்ந்தாள், அவ்வளவுதான். காதலுக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட ஆதாரம் இல்லையாம்.

அதற்கப்புறம் படிப்பு ஓடமாட்டேன் என்கிறது. பக்கத்துக்குப் பக்கம் போனை எடுக்கிறேன். சாந்தோ ஸ்பிரிதோ மடத்தில் பிணத்தை அறுத்துப் பார்க்கிறாரே, அது நிஜமா? போப் ஜூலியஸோடு முறைத்துக்கொண்டு ரோமை விட்டு ஓடுகிறாரே, அது? இந்த மாதிரி நாவல்களை நீங்கள் எல்லாம் எப்படிப் படிக்கிறீர்கள்? சந்தேகத்தை ஓரம் கட்டிவிட்டு முடிப்பதா, இல்லை மூடி வைத்துவிட்டு நேராக வரலாற்றுப் புத்தகத்துக்குப் போய்விடுவதா?

தேவிபட்டினம் வாத்தியார்:

தங்கச்சி, பிணம் அறுத்ததும் நிஜம், 1506-ல் ரோமை விட்டு ஓடியதும் நிஜம். இரண்டையும் கொண்டிவி எழுதி வைத்திருக்கிறார். அவர் மைக்கேலாஞ்சலோவின் சீடர், ஆள் உயிரோடு இருக்கும்போதே 1553-ல் அந்த வாழ்க்கை வரலாறு வெளிவந்துவிட்டது. ஆனால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு: பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதியது என்பதால், ஊர் தன்னை எப்படி நினைக்க வேண்டும் என்று பெரியவர் ஆசைப்பட்டாரோ அப்படித்தான் அது இருக்கும். ஆகவே "நேராக வரலாற்றுக்குப் போகிறேன்" என்று போனாலும் அங்கேயும் ஒரு கதைசொல்லி உட்கார்ந்திருப்பார்.

நாம் இதற்குப் பழகியவர்கள்தானே. ஆதித்த கரிகாலன் கொலைக்கு உடையார்குடிக் கல்வெட்டு சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று பெயர்களைத் தருகிறது, அதில் நந்தினி என்று யாரும் கிடையாது. அதற்காக நந்தினி வரும் அத்தியாயங்களை யார் தள்ளிவிட்டுப் படித்தோம்?

எனக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. காசு, அளவு, ஒப்பந்தம், கல் பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் நம்பலாம். ரோமில் உள்ள அந்த மாதாவும் இறந்த இயேசுவும் சேர்ந்த சிலைக்கு 1498-ல் பிரெஞ்சு கார்டினலோடு போட்ட ஒப்பந்தம் இருக்கிறது, 450 தங்க டுகாட். தாவீது சிலைக்கான கல், அதற்கு முன்னால் வேறு ஆள் கொத்தத் தொடங்கி வீணாக்கிவிட்டுப் போனது, பல வருஷம் தேவாலய முற்றத்தில் கிடந்தது. அதுவும் பதிவில் உண்டு. 1504-ல் அந்தச் சிலையை எங்கே நிறுத்துவது என்று கூடிப் பேசிய குழுவில் லியோனார்டோவும் போத்திச்செல்லியும் உட்கார்ந்திருந்தார்கள், அதுவும் நிஜம், நாவலாசிரியன் கற்பனை செய்தால் நாமே "ரொம்ப ஓவர்" என்போம். ஆனால் ராத்திரி, ஒரு அறை, இரண்டே பேர், வேறு யாரும் இல்லை என்று ஒரு காட்சி வந்தால் அது எழுத்தாளரின் கைச்சரக்குதான். அங்கே யார் ஒட்டுக்கேட்டு எழுதி வைத்திருப்பார்?

முடிந்தால் அவருடைய கடிதங்களைப் படியுங்கள், ஏறத்தாழ 500 கிடைத்திருக்கின்றன. பெரும்பாலும் அப்பாவோடும் தம்பிகளோடும் காசுப் பஞ்சாயத்து. தம்பி மகன் மூன்று சட்டை அனுப்பினால், இவ்வளவு முரட்டுத் துணியை இங்கே ஒரு பட்டிக்காட்டான்கூடப் போடமாட்டான் என்று எரிந்து விழுகிறார். 1519-ல் ஒரு பளிங்குத் தூணை மலையிலிருந்து இறக்கும்போது இரும்பு வளையம் உடைந்து தூண் ஆற்றில் விழுந்து நொறுங்குகிறது, வெளியே தடியாகத் தெரிந்த வளையத்துக்குள் நல்ல இரும்பு கத்தி முதுகு அளவுகூட இல்லை என்று கொல்லனைத் திட்டி எழுதியிருக்கிறார், கூட நின்றவர்கள் எல்லோரும் செத்துப் பிழைத்தோம் என்கிறார். இதைப் படித்த பிறகு எனக்குக் கான்டெசினா தேவைப்படவில்லை.

கீழக்கரை காக்கா:

வாத்தியார் சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். நான் புத்தகம் அதிகம் படிக்கிறவன் இல்லை, என் வாப்பா சுண்ணாம்பு வேலை பார்த்தவர், காளவாசலில் சிப்பி சுட்டு, நீற்றி, அரைத்துச் சுவர் பூசுகிற காலத்து ஆள். மகள் இந்த நாவலைப் படித்துவிட்டு, ரோமில் சிஸ்டைன் தேவாலயக் கூரையில் மைக்கேலாஞ்சலோ ஓவியம் வரைகிற பகுதியை எனக்குச் சொன்னாள், அதனால்தான் வாய் திறக்கிறேன்.

முதலில், அவர் மல்லாந்து படுத்துக்கொண்டு வரைந்தார் என்று எல்லோரும் சொல்வது தப்பு. 1508-லிருந்து 1512 வரை நின்றுகொண்டுதான் வரைந்தார், தலையை அண்ணாந்து, கையை மேலே தூக்கி. அவரே அதைப் பற்றி ஒரு கவிதை எழுதி, பக்கத்தில் தன்னைக் கிறுக்கலாக வரைந்தும் வைத்திருக்கிறார், ஆள் நிற்கிறார். தொண்டையில் கழலை வந்துவிட்டது, தாடி வானத்தைப் பார்க்கிறது, தூரிகையிலிருந்து சொட்டுவது முகத்தில் விழுகிறது என்று புலம்பல். மேலே பார்த்து வேலை செய்கிற எந்தக் கொத்தனாரைக் கேட்டாலும் இதையே சொல்வார், கவிதையாக இல்லாமல் கெட்ட வார்த்தையாகச் சொல்வார், அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டாவது, அந்த வேலை ஈரச் சாந்தின்மேல் செய்வது. அன்றைக்கு எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவு இடத்துக்கு மட்டும் பூச வேண்டும், காய்வதற்குள் நிறத்தை ஏற்றிவிட வேண்டும், சுண்ணாம்பு காற்றைக் குடித்து இறுகும்போது நிறத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். மீதியாகிப்போன சாந்தை வெட்டி எடுத்துவிட்டு அடுத்த நாள் புதிதாகப் பூச வேண்டும். ஆரம்பத்தில் பிரளயக் காட்சியை வரைந்து முடித்ததும் பூஞ்சை மாதிரி பூத்துவிட்டது, எனக்கு இந்த வேலை வராது என்று போப்பிடம் போய்ச் சொல்லிவிட்டார். போப் சங்கல்லோ என்ற கட்டடக்காரரை அனுப்ப, அவர் பார்த்துவிட்டு, சாந்தில் தண்ணீர் கூடிப்போனதுதான் காரணம் என்று வழி சொல்லிக்கொடுத்தார். மகள் இதைப் படித்துக் காட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடற்கரையில் வீடு கட்டியவனுக்கு ஓதமும் உப்புப் பூப்பதும் தெரியாதா? ரோமுக்கு வந்த பிளாரன்ஸ்காரருக்கு அந்த ஊர்ச் சுண்ணாம்பு கைக்குப் பிடிபடவில்லை, அதுதான் விஷயம். காதல் பொய்யாக இருந்துவிட்டுப் போகட்டும், சாந்து நிஜம்.

ராமேஸ்வரம் லட்சுமி அக்கா:

நீங்கள் எல்லோரும் சேர்த்ததைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு எரிச்சல் வருவது விட்டதைப் பற்றி.

1532-ல் அவர் தொமாசோ தெ கவாலியெரி என்ற ரோமானிய இளைஞரைச் சந்திக்கிறார். தன் ஓவியங்களை அன்பளிப்பாக அனுப்புகிறார், கவிதை மேல் கவிதையாக எழுதுகிறார். அந்த நட்பு சாகும் வரை இருந்தது, 1564 பிப்ரவரியில் அவர் இறக்கும்போது தொமாசோ பக்கத்தில் இருந்தார். இதற்குக் காகிதம் இருக்கிறது, கையெழுத்தோடு இருக்கிறது. பேரன் முறையுள்ள ஒருவர் 1623-ல் அந்தக் கவிதைகளை அச்சுக்குக் கொடுக்கும்போது ஆணை நோக்கி எழுதியதை எல்லாம் பெண்ணை நோக்கி எழுதியதாகத் திருத்திவிட்டார். 1863 வரைக்கும் உலகம் திருத்திய பாடத்தையே படித்துக்கொண்டிருந்தது. இப்போது நாவலைப் பாருங்கள், தொமாசோ வருகிறார், ஆனால் கான்டெசினாவுக்குக் கிடைத்த இடத்தில் பாதிகூட அவருக்குக் கிடைக்கவில்லை. ஆதாரம் உள்ளதைச் சுருக்கி, ஆதாரம் இல்லாததை ஊதிப் பெரிதாக்கினால் அதை "நாவல்தானே" என்று விட்டுவிட முடியுமா?

தங்கச்சி, உனக்கு நெருடியது சரியாகத்தான் நெருடியிருக்கிறது. படிப்பதை நிறுத்த வேண்டாம், ஆனால் கவிதைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

தேவிபட்டினம் வாத்தியார்:

அக்கா, ஒப்புக்கொள்கிறேன், ஆனால் 1961-ல் பெரிய கூட்டத்துக்கு விற்கிற புத்தகத்தில் அதை எப்படி எழுதியிருப்பார்கள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். தவிர அந்த அன்பு எந்த அளவு என்பதில் ஆராய்ச்சியாளர்களே இன்னும் சண்டை போடுகிறார்கள். கவிதையை வைத்துக்கொண்டு வாழ்க்கையை முடிவு செய்வதும் ஒருவகையில் நாவல் எழுதுவதுதான்.

ராமேஸ்வரம் லட்சுமி அக்கா:

சண்டை போடட்டும். நாவலாசிரியர் அந்தச் சண்டைக்குள் வந்திருக்கலாமே, ஒதுங்கிப்போனதுதான் என் வருத்தம்.

ராம்நாடு பஸ் ஸ்டாண்ட் பக்கம்:

கொஞ்சம் தடம் மாறிப் பேசுகிறேன், மன்னிக்கவும். இதை எல்லாம் படிக்கும்போது எனக்குப் பொறாமையாக இருக்கிறது. அங்கே ஒருத்தருக்குச் சட்டைத் துணி சரியில்லை என்பது வரைக்கும் எழுத்தில் இருக்கிறது. இங்கே நம் ராமலிங்க விலாசம் அரண்மனைக்குள் போய்ப் பாருங்கள், சுவரிலும் மேல் விதானத்திலும் ஓவியம், 18-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துச் சேதுபதிகள் காலத்து வேலை. தஞ்சாவூர் மராட்டியரோடு நடந்த சண்டை, சேதுபதி ஐரோப்பியர்களைச் சந்திப்பது, ராமாயணக் காட்சிகள், அந்தப்புரம் என்று அவ்வளவு இருக்கிறது. வரைந்த ஆள் யார்? எத்தனை பேர் சாரத்தில் ஏறினார்கள், கழுத்து வலிக்கிறது என்று யாரிடம் புலம்பினார்கள்? மீசையை முறுக்கிக்கொண்டு ராஜா மட்டும் நிற்கிறார்.

அதனால் நான் இந்தக் கேள்வியை வேறு மாதிரிப் பார்க்கிறேன். மைக்கேலாஞ்சலோவுக்குக் காகிதம் மலையாகக் கிடக்கிறது, அப்படிப்பட்ட ஆளுக்குக் காதலியைக் கற்பனை செய்து சேர்ப்பது சோம்பேறித்தனம். ஒன்றுமே கிடைக்காத நம் ஊர் ஓவியருக்கு ஒருவர் கற்பனையில் பெயர் வைத்து, பெண்டாட்டி பிள்ளை கொடுத்து எழுதினால் நான் கையெடுத்துக் கும்பிடுவேன், ஒரு வார்த்தை ஆதாரம் கேட்கமாட்டேன். ஆனால் காக்கா மாதிரி சுண்ணாம்பு தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத வேண்டும்.

கீழக்கரை காக்கா:

எழுதுகிறவர் வரட்டும், டீ செலவு என்னுடையது.

பாம்பன் வாசகி:

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் அண்ணே, உங்கள் குறுக்குவழியை நேற்றே வைத்துப் பார்த்தேன், கராரா மலையில் கல் தேர்ந்தெடுக்கப் போகும் அத்தியாயம் வந்தது, போனைத் தொடாமல் முடித்துவிட்டேன். காக்கா, பிரளயம் பூஞ்சை பிடித்த இடம் இன்னும் வரவில்லை, வரும்போது உங்களை நினைத்துக்கொள்கிறேன். அக்கா சொன்னது மட்டும் மனசில் கிடந்து உறுத்துகிறது, தொமாசோ வரும் பகுதி கடைசியில்தான் இருக்கும் போல, அங்கே போகும்போது கவிதை கையில் இல்லாமல் போகக் கூடாது. அந்தப் புத்தகம் யாரிடமாவது இருக்கிறதா? இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு ஆனாலும் பரவாயில்லை.

ராமேஸ்வரம் லட்சுமி அக்கா:

என்னிடம் இருக்கிறது. பென்சிலால் கண்டபடி கிறுக்கியிருப்பேன், பொறுத்துக்கொள். வெள்ளிக்கிழமை தங்கச்சிமடம் வருகிறேன், வந்து வாங்கிக்கொள். தடைக்காலம் முடிவதற்குள் திருப்பித் தந்துவிட வேண்டும், போன தடவை ஒருத்தர் வாங்கிப்போன புத்தகம் இன்னும் வரவில்லை.